சாமை விதைத்த இடம்

பொற்குடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வரைபடத்தில் தேட வேண்டாம். தேடிப் புறப்பட்ட சிலர் கடைசியில் தங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதாகச் சொல்வார்கள்.

அந்த நாட்டில் மன்னரைக் குடிமக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை முரசறைந்து தேர்தல் நடத்துவார்கள், விரலில் மை வைப்பார்கள், பழைய மன்னரே மாலை போட்டுக்கொண்டு மறுபடியும் வருவார். ஒரே ஒருமுறை அவருக்குப் பதிலாக அவருடைய மைத்துனர் வந்தார். அதைப் பொற்குடை நாட்டார் இன்றைக்கும் புரட்சி என்றுதான் சொல்கிறார்கள். மற்றபடி நாட்டில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பேரேடு இருந்தது. ஆடுமாடுகளுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று, கோயில் யானைகளுக்குத் தனியாக ஒன்று. இன்னின்ன மக்கள் இன்னின்ன இடத்தில் வாழ்கிறார்கள் என்று எழுதிய இனப்பேரேட்டை மட்டும் பட்டுத்துணியில் சுற்றி அரண்மனைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதில் பெயர் இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். இல்லையென்றால், எதிரே நின்று இருமிக் காட்டினாலும் இல்லை.

நாட்டின் மேற்கு ஓரத்தில் காரிமலை. அதில் நாற்பத்திரண்டு குடிசைகளில் சருகர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கிழங்கு அகழ்வார்கள், தேன் எடுப்பார்கள், சரிவில் கொஞ்சம் சாமை விதைப்பார்கள். இனப்பேரேடு எழுதிய காலத்தில், அவர்களைப் பார்த்து எழுதி வர ஓர் அரண்மனை எழுத்தர் அனுப்பப்பட்டார். அடைமழைக் காலம். அடிவாரத்திலேயே அட்டை கடித்தது. ஏழு அட்டைகளைப் பிய்த்துப் போட்ட அந்த மனிதர், எட்டாவதைக் கண்டதும் ஒரு பாறையில் உட்கார்ந்து, ‘மேலே சிலர் இருப்பதாகக் கேள்வி’ என்று எழுதிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அறுபது ஆண்டுகளாகச் சருகர்களைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டி மட்டும் எந்த மழையிலும் மலையேறி வந்துவிடும். வாக்களிக்க இனம் தேவையில்லை, விரல் இருந்தால் போதும்.

அந்த நாற்பத்திரண்டு குடிசைகளில் ஒன்றில் இருந்தவள் சேம்பி. ஐம்பதை நெருங்கிய பெண். புருஷன் இல்லை. ஒரே மகள் பக்கத்துக் குடிசையிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். சேம்பி இருபது வருஷமாகக் கீழேயுள்ள சந்தைக்குத் தேன் கொண்டுபோய் விற்றவள், அதனால் கீழ்நாட்டார் பேச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதிகாரி யாராவது வந்தால் எல்லோரும் சேர்ந்து அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அப்படித் தள்ளப்பட்டதுதான் அவள் செய்த பாவம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

சருகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் இறந்தவர்களுக்குக் கல் நடுவதில்லை. குழி தோண்ட ஒருவர், விதைக்க ஒருவர் என்று இரண்டு பேர் மட்டும்தான் உடலோடு காட்டுக்குள் போவார்கள். புதைத்து, மண்ணைத் தட்டிச் சமமாக்கி, சருகைப் பரப்பி, ஒரு பிடி சாமையை அதன்மேல் விதைத்துவிட்டு வருவார்கள். சாமை முளைத்துக் கதிர் விட்டுக் குருவிகள் தின்று தீர்த்தபிறகு அந்த இடம் காட்டோடு காடாகிவிடும். அப்புறம் அந்த வழியாகப் போனாலும் தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இடத்தை யாருக்கும் சொல்லவும் கூடாது. பார்த்தால், போனவருக்குத் திரும்பி வர ஆசை வந்துவிடும். வரவும் முடியாது, போகவும் முடியாது, நடுவில் கிடந்து தவிப்பார். இதுதான் காரணம்.

சேம்பியின் தாய் இறந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. குழி தோண்டியவன் தம்பி, விதைத்தவள் சேம்பி. தம்பியும் பிறகு போய்விட்டான். உயிர் போவதற்கு முன் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னையத் திரும்பிப் பாத்துராத புள்ள” என்று கேட்டாள். சேம்பி சரி என்றாள். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் ஊற்றுக்குப் போகும் தடம். பத்தொன்பது வருஷமும் தினம் இரண்டு வேளை குடத்தோடு அந்தத் தடத்தில் போய் வந்தாள். ஒருநாளும் தலை திரும்பவில்லை. கழுத்துக்கே அது பழகிப் போயிருந்தது.

இப்படி இருக்கையில், காரிமலைக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒரு கல் இருப்பதை அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் கண்டுபிடித்தார். சருகர்களுக்கு அது முன்பே தெரியும். கல்யாணத்தில் அதை உரைத்துத்தான் முகத்தில் பூசிக்கொள்வார்கள். ஆனால் முகத்தில் பூசுவது கண்டுபிடிப்பு ஆகாது. கல்லைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கேட்ட மன்னர் பூரித்துப் போனார். மலையைக் குடையலாமா என்றார்.

அமைச்சர்கள் தயங்கினார்கள். ஏனென்றால் பொற்குடை நாட்டில் ஓர் அருமையான சட்டம் இருந்தது. மலைவாழ் இனத்தார் வாழும் மலையில் அவர்கள் சம்மதமின்றி ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக் கூடாது. அயல்நாட்டுத் தூதர்கள் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். மன்னர் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. “காரிமலையில் எந்த இனத்தார் வாழ்கிறார்கள், பாருங்கள்” என்றார். பட்டுத்துணியை அவிழ்த்தார்கள். ‘சிலர் இருப்பதாகக் கேள்வி.’

“கேள்வி என்பது இனம் ஆகாது” என்றார் மன்னர். பங்குனி முடிவதற்குள் இனச்சான்று காட்ட வேண்டும், காட்டாதவர்கள் மலையைவிட்டு இறங்க வேண்டும் என்று பறை அறைவிக்கப்பட்டது. அப்போது ஐப்பசி.

சேம்பியும் இன்னும் ஆறு பேரும் தலைநகருக்கு நடந்தார்கள். அங்கே அடையாள அமைச்சர் அறிவுடைப்பெருமான் என்பவர் அவர்களை வரவேற்றார். நல்ல மனிதர். எதிரே இருப்பவர் அழுதால் தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“நீங்கள் சருகர்கள் என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை ஆவணம் ஆகாதே” என்றார் அமைச்சர். “நீங்கள் ஓர் இனம் என்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டும்.”

“எப்படிங்க தொரை மெய்ப்பிக்கறது? நாங்க நாங்கதானுங்க” என்றாள் சேம்பி.

“எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் அம்மணி.”

அவர் ஒரு குழுவை அமைத்தார். குழு சருகர்களை மேலும் கீழும் பார்த்தது. ஆண்கள் சந்தையில் வாங்கிய சட்டை போட்டிருந்தார்கள். மெய்யான மலைவாசிகள் சட்டை அணிவதில்லை என்று குழு குறித்துக்கொண்டது. மறுமாதம் ஆண்கள் சட்டையில்லாமல் போனார்கள். அரண்மனைக்குள் சட்டையின்றி நுழைந்த குற்றத்துக்காக அவர்களை மூன்று நாள் சிறையில் வைத்தார்கள். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாமே என்று சிறைக் காவலர் ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு அடுத்த மாதம் அப்படியே போனார்கள். ‘விண்ணப்பதாரர்கள் சட்டை விஷயத்தில் உறுதியற்றவர்கள்’ என்று கோப்பில் ஏறியது.

சேம்பிதான் விடவில்லை. கீழ்நாட்டாரை நேரில் கொண்டுவந்து காட்டிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். “ஒருக்கா மேல வந்து பாருங்க தொரை. பாத்தா உங்களுக்கே தெரிஞ்சுபோகும்” என்று அமைச்சரிடம் கெஞ்சினாள். அமைச்சர் மனமிரங்கி, நாட்டின் தலைசிறந்த இனநூல் அறிஞர் ஞானதிலகரை மலைக்கு அனுப்பினார்.

ஞானதிலகர் வந்ததைச் சருகர்கள் கொண்டாடினார்கள். பன்னிரண்டு நாள் தங்கினார். கிழங்கு தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார், சேம்பியின் மகள் கஷாயம் வைத்துக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் சேம்பி பதில் சொன்னாள். ஒளிக்க என்ன இருக்கிறது? நம்மைப் பற்றி ஒரு பெரிய மனிதர் கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவு வழக்கத்தைப் பற்றிக் கேட்டபோதும் மறைக்காமல் சொன்னாள்.

“சரி, யாராவது அந்த இடத்தைத் திரும்பத் தோண்டினால்?” என்று கேட்டார் ஞானதிலகர்.

சேம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதெப்படிங்க தோண்டுவாங்க? தோண்டுனா அவன் சருகனே இல்லீங்க.”

அறிஞர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நேர்மையான மனிதர், ஓர் எழுத்தை மாற்றவில்லை.

தையில், அடையாளத்துறைக்கும் வனத்துறைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தின் பயனாக, மலைக்குப் போகும் வழியில் ஒரு கேட் போட்டார்கள். இனம் உறுதியாகும்வரை இனமில்லாதவர்கள் காட்டுக்குள் நடமாடுவது காட்டுக்கு நல்லதல்ல என்று ஆணை. தேனெடுக்க முடியாது, கிழங்கு அகழ முடியாது. ஊற்றுக்குப் போக மட்டும் நாளைக்கு ஒருமுறை அனுமதி. அரசு இரக்கப்பட்டு வாரத்துக்கு ஒருமுறை அரிசி அனுப்பியது. அதை வாங்கிக்கொள்ள இனச்சான்று தேவைப்பட்டது. அந்த மாதம் சருகர் குடிசைகளில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. அவற்றைக் காட்டுக்குள் கொண்டுபோய் விதைக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. குடிசைகளுக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். பெற்றவர்கள் தலையைத் திருப்பாமல் இருக்க வழியில்லாமல் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் இருந்தது.

மாசியில் சான்றாளர் ஏகநாதன் என்பவர் புதிய ஆணையோடு வந்தார். பெரிய அதிகாரி அல்ல, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறவர். ஆணையைப் படித்தார். தங்கள் முன்னோர் இந்த மண்ணில்தான் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சருகர்கள் ஏதேனும் ஒரு கல்லறையைக் காட்ட வேண்டும்.

“எங்களுக்குக் கல்லறை இல்லீங்களே” என்றாள் சேம்பி.

“இந்தாம்மா, எல்லா ஊர்லயும் இருக்கு. உங்களுக்கு மட்டும் செத்தவங்க எங்க போனாங்க?”

“காட்டுக்குள்ள போனாங்க.”

ஏகநாதன் தலையைச் சொறிந்தார். அவருக்கு அவர்கள்மேல் பரிதாபம் இல்லாமல் இல்லை. “நான் ஒண்ணு சொல்றேன், கேளு. கல்லறை இல்லாட்டி எலும்பு காட்டினாப் போதும்னு பின்னாடி ஒரு வரி இருக்கு. ஒரே ஒருத்தரோட எலும்பு. நான் சாட்சி கையெழுத்துப் போடுறேன். அதோட முடிஞ்சுது. பங்குனி கடைசிக்குள்ள பண்ணிருங்க. அதுக்கப்புறம் நானே வந்து குடிசையப் பிரிக்கணும்.”

அன்று மதியம் நாற்பத்திரண்டு குடிசைக்காரர்களும் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் இடத்தைத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம். போலாம், கீழயே போலாம்” என்றான் சேம்பியின் மருமகன் தாளன். “செத்தவங்களாச்சும் நிம்மதியா இருக்கட்டும்.”

“கீழ போய் என்னடா பண்ணுவ?” என்றாள் சேம்பி.

“எதாச்சும்.”

“நாம போயிட்டா அவங்களுக்கு ஏது நிம்மதி? மலையவே கொடையப் போறாங்க. மண்ணோட மண்ணா எல்லாரையும் அள்ளிட்டுப் போவாங்க. எங்கம்மா, உங்கப்பன், எல்லாரையும். ஒருத்தரத் தோண்டுனா மத்தவங்க தப்பிப்பாங்கல்ல?”

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இந்தக் கதையிலேயே சரியாகக் கணக்குப் போட்டவள் அவள் ஒருத்திதான், அதனால்தான் இவ்வளவும் நடந்தது. இன்னொருத்தர் தாயைத் தோண்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “எங்கம்மாவ நானே எடுக்கறேன்” என்று எழுந்து போய்விட்டாள். மகள் பின்னாலேயே ஓடி வந்து அழுதாள். சேம்பி அழவில்லை.

மறுநாள் காலையில் ஏகநாதன் வந்தார், கூட இரண்டு கூலியாட்களும் வந்தார்கள். சேம்பி ஊற்றுத் தடத்தில் முன்னால் நடந்தாள். இரட்டைப் பாறையைத் தாண்டியதும் நின்றாள். இடப்பக்கம் பத்தடியில் ஒரு நாவல் மரம். தலையைத் திருப்ப முயன்றாள். கழுத்து வரவில்லை. பத்தொன்பது வருஷம் திரும்பாமல் இருந்த கழுத்து ஒரே நாளில் எப்படித் திரும்பும்? கடைசியில் உடம்பையே அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்று, கையைக் காட்டினாள்.

கூலியாட்களைத் தொட விடவில்லை. கிழங்கு அகழும் கம்பால் அவளே தோண்டினாள். முழங்கை ஆழத்திலேயே வந்துவிட்டது. முதலில் ஒரு தாடை. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. சேம்பி சின்னவளாக இருந்தபோது கல் வீசி விளையாடி அவளே உடைத்த பல் அது. பல்லைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. அங்கேயே உட்கார்ந்து, “வந்துராத, அம்மா, வந்துராத, கொஞ்ச நேரந்தான், திரும்பக் கொண்டாந்து விதைச்சர்றேன்” என்று மண்ணிடம் சொன்னாள். ஏகநாதன் வேறு பக்கம் பார்த்தபடி, ‘தாடை ஒன்று, மண்டை ஒன்று, கை எலும்புகள், நீலப் பாசிமணி பதினொன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தார். மண்ணில் மக்கிய சாமை உமியும் கொஞ்சம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து அதையும் பொட்டலம் கட்டினார். அவர் கெட்டவர் அல்ல என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை.

“எப்பங்க திரும்பக் குடுப்பீங்க?”

“பாத்துட்டு உடனே குடுத்துருவாங்கம்மா.”

பங்குனி இருபதாம் தேதி தலைநகரில் விசாரணை. அறிவுடைப்பெருமான் நடுவில், ஞானதிலகர் வலப்பக்கம். மேசைமேல் எலும்புகள், வெள்ளைத் துணியில். சேம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். ஞானதிலகர் பூதக்கண்ணாடியால் எலும்புகளை அரைமணி நேரம் ஆராய்ந்தார். முகம் மலர்ந்தது.

“ஐயமே இல்லை. குறியீடு எதுவுமற்ற குழி, மேலே சாமை உமி, நீலப்பாசி. இது சருகர் இனத்தைச் சேர்ந்த பெண்ணின் எலும்பு. காரிமலையில் சருகர் என்றோர் இனம் இருந்தது என்பது இன்று நிறுவப்பட்டது” என்றார்.

அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேம்பியோடு வந்தவர்களுக்கு உயிர் வந்தது. தாளன் குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

“இனி விண்ணப்பதாரர்களைப் பார்ப்போம்” என்றார் அமைச்சர். ஞானதிலகர் தன் நூலைத் திறந்தார். தடித்த நூல், அட்டையில் காரிமலையின் படம். ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார்.

“‘அடக்கம் செய்த இடத்தைச் சருகர் ஒருபோதும் தோண்டார். தோண்டுபவர் சருகரே அல்லர்.’ இது அந்த மலையில் எனக்குச் சொல்லப்பட்ட வாக்குமூலம்.” நூலை மூடினார். “இந்த அம்மையார் தோண்டியிருக்கிறார். சான்றாளர் ஏகநாதனின் சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது.”



“நான்தானுங்க அதைச் சொன்னேன்” என்றாள் சேம்பி. “அது நான் சொன்னதுங்க, தொரை.”

“ஆம். மறுக்கவில்லை. உங்கள் வாக்கை நாங்கள் ஐயப்படவே இல்லை.”

“நீங்கதானுங்க தோண்டச் சொன்னீங்க.”

“நாங்கள் சான்று கேட்டோம் அம்மணி” என்றார் அறிவுடைப்பெருமான் வருத்தத்தோடு. “உண்மையான சருகர் என்ன செய்திருப்பார்? மறுத்திருப்பார். மறுத்திருந்தால் அந்தக் கணமே உங்களை இனங்கண்டிருப்போம்.”

தீர்ப்பு எழுதப்பட்டது. எலும்பு சருகர் இனத்தைச் சேர்ந்தது. விண்ணப்பதாரர்கள் சருகர் அல்லாதோர். காரிமலையில் முன்னொரு காலத்தில் வாழ்ந்து மறைந்த சருகர்களுக்கு அரசு தன் மரியாதையைச் செலுத்துகிறது. பேரேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, ‘சருகர்: இருந்தனர்’ என்று எழுதினார்கள். அறுபது ஆண்டுப் போராட்டம் வென்றது என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. அதுவும் பொய்யில்லை.

பங்குனி முடிந்த மறுநாள் குடிசைகளைப் பிரித்தார்கள். ஏகநாதனே வந்திருந்தார். சொன்ன சொல் தவறாதவர். நாற்பத்திரண்டு குடும்பங்களும் தலைநகருக்கு வெளியே ஒரு பொட்டலில் தகரக் கொட்டகைகளில் இறக்கப்பட்டன. ஆடிமாதம் காரிமலையில் முதல் வெடி வைத்தார்கள். பொட்டலில் நின்றாலே கேட்கும். ஒவ்வொரு வெடிக்கும் தாளன் எண்ணிக்கொண்டிருந்தான். தன் தகப்பன் கிடந்த சரிவு எந்த வெடியில் போனது என்று தெரியாமல் போய்விடக் கூடாது என்பது அவன் கவலை. ஆவணியில் எண்ணுவதை விட்டுவிட்டான்.

சேம்பிக்கு மலை போன துக்கத்தைவிட அம்மாவுக்குக் கொடுத்த வாக்குதான் பெரிதாக இருந்தது. திரும்பக் கொண்டுவந்து விதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை அடையாளத்துறைக்கு நடப்பாள்.

“எங்கம்மாவக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“சருகர் எலும்புகள் நாட்டின் சொத்தும்மா” என்றார் அங்கிருந்த எழுத்தர். “சருகர்கள் யாராவது வந்து கேட்டா பரிசீலிக்கலாம். நீங்கதான் சருகர் இல்லையே.”

எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் சொன்னார். அரசு அருங்காட்சியகத்தில் புதிதாகச் சருகர் மண்டபம் கட்டுகிறார்கள். நடுவில் கண்ணாடிப் பேழை. அதில் வைக்கப் போகிறார்கள். நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து பார்ப்பார்கள்.

“எல்லாரும் பாப்பாங்களா?” என்று கேட்டாள் சேம்பி.

“நாள் பூரா பாப்பாங்க. விளக்கெல்லாம் போட்டு வெச்சிருக்கோம்.”

அவள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. கொட்டகைக்காரர்கள் பயந்து போனார்கள். “நடுவுல கெடந்து தவிக்குமே, நடுவுல கெடந்து தவிக்குமே” என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

மண்டபத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி புரட்டாசியில் வந்தது. மறைந்துபோன சருகர்களின் வாழ்க்கையைப் பார்வையாளர்களுக்கு நடித்துக் காட்ட ஆண்களும் பெண்களும் தேவை. கிழங்கு அகழ்பவர், தேனெடுப்பவர், விதைப்பவர். ஆனால் சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இனத்தாரைக் காட்சிப்பொருளாக்குவது பொற்குடை நாட்டில் கடுங்குற்றம். அந்தச் சட்டத்தைப் படித்தும் தூதர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆகவே வேலைக்குச் சேருகிறவர்கள், தாங்கள் சருகர் இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சேம்பி போனாள். வரிசையில் முதல் ஆளாக நின்றாள். எழுத்தர் தாளைப் படித்துக் காட்டினார். “‘நான் சருகர் இனத்தைச் சேர்ந்தவள் அல்ல, என் தாயும் தந்தையும் சருகர் அல்லர், இதை என் முழு மனதோடு கூறுகிறேன்.’ சம்மதந்தானே?”

“உள்ள விடுவீங்கல்ல?”

“வேலையே உள்ளேதாம்மா.”

அவள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். தேர்தலுக்கு வைத்த அதே மை.

திறப்பு விழாவுக்கு மன்னர் வந்தார், தூதர்கள் வந்தார்கள். தரையெல்லாம் பளிங்கு. நடுவில் பேழை, மேலேயிருந்து ஒளி. தாடையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். உடைந்த பல் பளிச்சென்று தெரிந்தது. கீழே ஒரு பலகையில் ‘கடைசிச் சருகப் பெண்’ என்று எழுதி, மன்னரின் முத்திரை பதித்த இனச்சான்று ஒன்றையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நாட்டிலேயே சருகர் ஒருவருக்கு வழங்கப்பட்ட ஒரே சான்று அது. நூற்றுக்கணக்கான பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

விதைக்கும் பெண்ணாகச் சேம்பி வந்தாள். நடிப்பதற்கு மரத்தூள் கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு மடியை அவிழ்த்தாள். அதில் நிஜச் சாமை இருந்தது, காரிமலையிலிருந்து எடுத்து வந்த கடைசிப் பிடி. பேழையை ஒருமுறை சுற்றி வந்தாள். முகம் எதிர்ப்பக்கமாகவே இருந்தது, கழுத்து திரும்பவில்லை. சுற்றிக்கொண்டே விதைத்தாள். உதடு அசைந்தது. பிடி தீர்ந்ததும் கைகளைத் தட்டி உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அறிவுடைப்பெருமான் வழக்கம்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன இயல்பு, பார்த்தீர்களா? சருகர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள்” என்று தூதர்களிடம் சொன்னார்.

“ஒரு சின்னத் திருத்தம்” என்றார் ஞானதிலகர். “உண்மையான சருகப் பெண் என்றால் அழுதிருக்க மாட்டாள்.”

கூட்டம் கலைந்ததும் பெருக்குகிறவர் ஒரு நீள விளக்குமாறோடு வந்தார். பளிங்கில் சாமை சுலபமாகக் கூடியது. எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளி, முறத்தில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். வாசலில் நின்று சேம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் அவள் திரும்பவில்லை. மூன்று மணிக்கு அடுத்த காட்சி இருந்தது.